9,000 ரூபாய் சைக்கிளுக்கு 2 கிலோ பூட்டு தேவையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்



"சைக்கிளே 9,000 ரூபாய். அதுக்கு 1,500 ரூபாய்ல ஒரு பூட்டா? அதுவும் ரெண்டு கிலோ. தினமும் அதை யாரு தூக்கிட்டுப் போறது?"

நியாயமான கேள்விதான். ஆனா இந்த ஒரு கேள்விக்குள்ள மூணு கேள்வி ஒளிஞ்சிருக்கு. பணம் வீணா? வெயிட் தாங்குமா? பூட்டு இல்லாமப் போனா உண்மையில என்ன நஷ்டம்? மூணையும் தனித்தனியா பிரிச்சுப் பார்த்தாத்தான் விடை கிடைக்கும்.

உதாரணத்துக்கு நம்ம தருமபுரி மாவட்டத்தையே எடுத்துக்குவோம். தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் மாதிரி ஊர்ல முதல் வேலை. பேங்க் கிளையோ, தனியார் பள்ளியோ, ஜவுளிக்கடை அக்கவுண்ட்ஸோ, ஆஸ்பத்திரி லேபோ. வீட்டுக்கும் வேலைக்கும் 6 கிலோமீட்டர். கைக்கு வர்ற சம்பளம் 18,000 ரூபாய். இந்த நிலைமையில இருக்கிற ஒருத்தருக்கு சைக்கிள் பொழுதுபோக்கு இல்ல. மாச பட்ஜெட்டைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு தூண்.

பூட்டு காப்பாத்துறது சைக்கிளை மட்டும் இல்ல

சைக்கிள் திருடு போனா நஷ்டம் 9,000 ரூபாய்னுதான் நினைக்கிறோம். அடுத்து என்ன நடக்குதுன்னு யோசிங்க.

முதல் வாரம் பஸ், ஷேர் ஆட்டோ. ரெண்டாவது வாரம் நண்பரோட வண்டியில பின்னாடி உட்கார்ந்து பயணம். மூணாவது வாரம் வீட்டுல ஒருத்தர் சொல்லுவாங்க: "எதுக்குப்பா இந்தக் கஷ்டம், ஒரு பைக் எடுத்துடு. மாசம் மூவாயிரம்தானே?"

அந்த "மூவாயிரம்தானே"வை இப்போ கணக்குப் போடுவோம். ஆன் ரோடு விலை 1,00,000 ரூபாய்னு வெச்சுக்கலாம். முன்பணம் 15,000. கடன் 85,000. ஷோரூம்ல "வட்டி வெறும் 10 பர்சென்ட்தான் சார்"னு சொல்றாங்க. அது ஃபிளாட் ரேட்டா இருந்தா, 3 வருஷத்துக்கு வட்டி 25,500. மொத்தம் கட்டுறது 1,10,500. மாசத் தவணை சுமார் 3,070 ரூபாய்.

நீங்க மாசாமாசம் அசலைக் குறைச்சுக்கிட்டே வர்றீங்க. ஆனா வட்டி மட்டும் கடைசி மாசம் வரை முழு 85,000 ரூபாய்க்கும் போடப்படுது. அதனால குறையும் நிலுவை முறையில பார்த்தா உண்மையான வட்டி சுமார் 18 சதவீதம். 10 இல்ல.

பெட்ரோலையும் சேருங்க. ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டர், மாசம் 24 நாள்னா 288 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர், லிட்டர் 100 ரூபாய்னு போட்டாலும் மாசம் 580 ரூபாய்க்குப் பக்கம். தவணையோட சேர்த்து 3,650. கைக்கு வர்ற 18,000 ரூபாயில ஐந்தில் ஒரு பங்கு போயிடுச்சு. சர்வீஸ், இன்சூரன்ஸ் இன்னும் கணக்குல வரல.

பைக் வாங்குறது தப்புன்னு சொல்ல வரல. அதுக்கு மறுவிற்பனை விலை இருக்கு, அவசரத்துக்கு உதவும், குடும்பத்துக்கும் பயன்படும். ஆனா காசு சேர்த்துத் திட்டம் போட்டு வாங்குறது வேற. சைக்கிள் போன கடுப்புல, கையில காசு இல்லாத நேரத்துல, கிடைச்ச வட்டிக்கு வாங்குறது வேற. ரெண்டாவதுலதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க.

ஆக, 1,500 ரூபாய் பூட்டு காவல் காக்குறது 9,000 ரூபாயை மட்டும் இல்ல. உங்க பட்ஜெட்டுல இந்த 3,650 ரூபாய் நீங்க தயாராகுறதுக்கு முன்னாடியே நுழையாம இருக்கவும் அதுதான் காவல்.

வெயிட்: ஒரு இட்லி கணக்கு

அடுத்து அந்த ரெண்டு கிலோ. உங்க உடம்பு 65 கிலோ, சைக்கிள் 18 கிலோ. மொத்தம் 83. அதோட 2 கிலோ சேர்ந்தா கூடுதல் சுமை சுமார் 2.4 சதவீதம். மதியச் சாப்பாட்டு டப்பாவும் ஒரு லிட்டர் தண்ணி பாட்டிலும் சேர்ந்தாலே கிட்டத்தட்ட இந்த வெயிட் வந்துடும். அதைத் தினமும் முணுமுணுக்காமத் தூக்கிட்டுத்தான் போறோம்.

சக்திக் கணக்கும் பார்த்துடுவோம். சமதளத்துல 2 கிலோவால கூடுற உருளும் தடை ரொம்பக் கம்மி. சாதாரண சைக்கிள் டயர்ல, போக வர 12 கிலோமீட்டருக்கும் சேர்த்து 2,000 ஜூலுக்குள்ள அடங்கிடும். வழியில அங்கங்க ஏத்தம் வந்து மொத்தம் 60 மீட்டர் உயரம் ஏறினாலும் அதுக்குக் கூடுதலா சுமார் 1,200 ஜூல். நம்ம உடம்பு சாப்பாட்டுச் சக்தியில கால்வாசியைத்தான் பெடலுக்கு அனுப்பும். அதையும் கணக்குல எடுத்தா ஒரு நாளைக்குக் கூடுதல் செலவு சுமார் 3 கிலோ கலோரி.

ஒரு இட்லியில 40 முதல் 60 கிலோ கலோரி வரை இருக்கும். அந்த இட்லியைப் பதினஞ்சு துண்டு போட்டா, அதுல ஒரு துண்டுதான் இந்தப் பூட்டுக்கான எரிபொருள். நேரக் கணக்குலயும் 6 கிலோமீட்டருக்கு அரை நிமிஷம்கூட கூடாது.

"இல்லைங்க, மிதிக்கும்போது பாரமாத்தான் இருக்கு"ன்னு சொன்னா, முதல்ல டயரை அமுக்கிப் பாருங்க. காத்து குறைஞ்ச டயர் இழுக்குற இழுப்பு, ரெண்டு கிலோ பூட்டை விடப் பெருசு. பழியை மட்டும் பூட்டு ஏத்துக்குது. வாரம் ஒரு தடவை காத்து அடிங்க, செயினுக்கு எண்ணெய் விடுங்க.

கனமான பூட்டோட உண்மையான பிரச்சினை கால்ல இல்ல, மனசுல. எடுத்து மாட்டணும், கழட்டணும், ஆடும், சத்தம் போடும். ரெண்டு வாரம் கழிச்சு "இன்னிக்கு ஒரு நாள் வேண்டாம்"னு வீட்டுலயே வெச்சுட்டுப் போவோம். வீட்டுல தொங்குற 1,500 ரூபாய் பூட்டை விட, சைக்கிள்ல பூட்டியிருக்கிற 200 ரூபாய் பூட்டு மேல். இதுக்கு வழி இருக்கு, கீழே சொல்றேன்.

ஏன் கனம் வேணும்?

நம்ம ஊர் சைக்கிள்ல பின் சக்கரத்துக்கு மேல வர்ற வளையப் பூட்டு எல்லாருக்கும் தெரியும். சாவியைத் திருப்பினா கம்பி குறுக்க வந்து சக்கரத்தை நிறுத்தும். வண்டியை உருட்ட முடியாது, ஆனா தூக்க முடியும். 18 கிலோ வண்டியை ஒரு ஆள் தோள்ல போட்டுட்டுப் போகலாம், ரெண்டு பேர் சேர்ந்தா மினி லாரியில ஏத்திடலாம். டீக்கடை வாசல்ல பத்து நிமிஷத்துக்கு அது போதும். ஆபீஸ் வாசல்ல எட்டு மணி நேரத்துக்குப் போதாது.

பிளாஸ்டிக் உறை போட்ட கேபிள் பூட்டு பார்க்கத் தடியா இருக்கும். உள்ள இருக்கிறது மெல்லிய கம்பிகளை முறுக்கின கயிறு. கையில பிடிக்கிற கட்டர் போதும். தடிமன்ல பாதி பிளாஸ்டிக்னு ஞாபகம் வெச்சுக்கோங்க.

செயின் பூட்டுல கண்ணி எவ்வளவு தடிமன்கிறதுதான் முக்கியம். மெல்லிய கண்ணியைச் சின்ன போல்ட் கட்டரே கடிச்சிடும். 8 மில்லிமீட்டருக்கு மேல போனா கட்டர் பெருசாகணும், அதைச் சட்டைக்குள்ள மறைச்சுக் கொண்டு வர முடியாது. அந்த 8 மில்லிமீட்டர் இரும்புச் செயின் ஒரு மீட்டரே ஒன்றரை கிலோவுக்குப் பக்கம் வரும். இதுக்கு மேல யூ வடிவப் பூட்டு இருக்கு. 12, 13 மில்லிமீட்டர் கெட்டிப்படுத்தின எஃகுத் தண்டா இருந்தா சாதாரணக் கட்டருக்கு மசியாது. கிரைண்டர் வெச்சா எந்தப் பூட்டும் ஒரு நேரத்துல அறுபடும். ஆனா பகல்ல ஆபீஸ் வாசல்ல தீப்பொறி பறக்க நின்னு அறுக்கிற அளவுக்கு உங்க 9,000 ரூபாய் சைக்கிள் அவனுக்குத் தேவைப்படாது. பூட்டோட வேலை திருட்டை முடியவே முடியாததா ஆக்குறது இல்ல. பக்கத்துல நிக்கிற வண்டியை விட உங்க வண்டியைச் சிரமமானதா ஆக்குறது.

செலவைக் குறைக்க உள்ளூர் வழியும் உண்டு. பூட்டுக்குப் பேர் போன ஊர் நம்ம திண்டுக்கல். 2019-ல புவிசார் குறியீடும் வாங்கின பூட்டு அது. ஹார்ட்வேர் கடையில தடியான செயின் ஒரு மீட்டர் வாங்கி, நல்ல தொங்கு பூட்டு ஒண்ணு போட்டாலே கேபிளை விடப் பல மடங்கு மேல். பழைய டியூபைச் செயின்மேல உறையா மாட்டுங்க, பெயிண்ட் உரசாது. ஒரே எச்சரிக்கை: செயின் தடியா இருந்து பூட்டோட வளைவு மெல்லிசா இருந்தா வெட்டு அங்கேதான் விழும். பலவீனமான கண்ணி எதுவோ, அதுதான் மொத்தப் பூட்டோட பலம்.

விலை கூடினா பாதுகாப்பும் கூடும்னு கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க. 2004-ல அமெரிக்காவுல கிரிப்டோனைட் கம்பெனியோட பேர் பெற்ற யூ பூட்டுகளை, சாதாரணப் பால்பாயிண்ட் பேனாவோட பிளாஸ்டிக் குழாயை விட்டுத் திருகியே திறக்க முடியும்னு தெரிய வந்துச்சு. குழாய் மாதிரி வட்டமான சாவித் துளைதான் காரணம். கம்பெனி லட்சக்கணக்கான பூட்டுகளை மாத்திக் கொடுக்க வேண்டியதாச்சு. அதனால வட்டக் குழாய்ச் சாவி உள்ள பூட்டைத் தவிர்த்து, தட்டைச் சாவி உள்ளதா வாங்குங்க.

பெட்டிமேல "பாதுகாப்பு நிலை 8"ன்னு போட்டிருந்தா, அது பெரும்பாலும் அந்தக் கம்பெனியே தனக்குப் போட்டுக்கிட்ட மார்க். பிரிட்டனோட சோல்ட் செக்யூர் மாதிரி வெளி அமைப்பு சோதிச்சுக் கொடுக்கிற வெண்கலம், வெள்ளி, தங்கம் தரச்சான்றுதான் ஒப்பிட உதவும். நம்ம ஊர்க் கடையில அது கிடைக்கலைன்னா, ஒரு காந்தத்தை எடுத்துட்டுப் போங்க. ஒட்டலைன்னா அது எஃகு இல்ல, துத்தநாகக் கலவையா இருக்கலாம். கனமா இருக்கிறதெல்லாம் கெட்டி இல்ல.

1,500 ரூபாய் அதிகமா?

ஒரு நல்ல பூட்டு 6 வருஷம் வரும்னு வெச்சா, வருஷத்துக்கு 250 ரூபாய். மாசத்துக்கு 21 ரூபாய்.

இப்போ எதிர்பார்ப்பு நஷ்டம். இங்க வர்ற சதவீதம் கணக்கு புரியறதுக்காக நான் வெச்சது, போலீஸ் புள்ளிவிவரம் இல்ல. லேசான பூட்டு போட்டா வருஷத்துல திருடு போக 100-க்கு 5 வாய்ப்பு. கனமான பூட்டு போட்டா 100-க்கு 1. திருடு போனா நஷ்டம் சைக்கிள் 9,000, இடைக்காலப் போக்குவரத்து 1,000, ஆக 10,000. லேசான பூட்டுல எதிர்பார்ப்பு நஷ்டம் வருஷம் 500 ரூபாய். கனமான பூட்டுல 100. மிச்சம் 400, பூட்டுக்கு ஆகுற செலவு 250. லாபம்தான், ஆனா பிரமாதமான லாபம் இல்ல.

கணக்கைத் திருப்பிப் போட்டா இன்னும் தெளிவு. கனமான பூட்டு உங்க ஆபத்தை வருஷத்துக்கு இரண்டரை சதவீதப் புள்ளியாவது குறைச்சாப் போதும், போட்ட காசு வந்துடும். வண்டியை எங்க, எத்தனை மணி நேரம் விடுறீங்கன்னு உங்களுக்குத்தான் தெரியும். கேட்டுக்குள்ள வாட்ச்மேன் கண்ணு முன்னாடி நிக்கிற வண்டிக்கு அந்த அளவு குறையாது. விடியக்காலை தருமபுரி ஸ்டேஷன்ல விட்டுட்டு ஓசூருக்கோ பெங்களூருக்கோ ரயில் ஏறி ராத்திரி திரும்புறவருக்குத் தாராளமாக் குறையும். மொரப்பூர்ல வண்டியை விட்டுட்டுச் சென்னை போய் ரெண்டு நாள் கழிச்சு வர்றவருக்குச் சந்தேகமே வேண்டாம்.

சராசரிக் கணக்குல வராத ஒண்ணு இருக்கு. 10,000 ரூபாய் திடீர் செலவு வந்தா உங்க கையில காசு இருக்கா? அவசர நிதி வெச்சிருக்கிறவருக்கு அது எரிச்சல். இல்லாதவருக்கு அது கடன். அதனால சேமிப்பு குறைவா இருக்கிறவங்களுக்குத்தான் நல்ல பூட்டு அதிகம் தேவை. நடைமுறையில பெரும்பாலும் தலைகீழாத்தான் நடக்குது.

தூக்காமலே கனமான பூட்டு

இப்போ அந்த வழி. கனமான பூட்டைத் தினமும் ஏன் சுமக்கணும்? சைக்கிள் எட்டு மணி நேரம் நிக்கிற இடம் ஒண்ணுதான். பூட்டை அங்கேயே விட்டுடுங்க. ஆபீஸ் கிரில்லுலயோ கம்பத்துலயோ பூட்டை மாட்டிப் பூட்டிட்டு, சாவியை மட்டும் வீட்டுக்குக் கொண்டு வாங்க. வழியில கடைக்கு நிறுத்த, வண்டியிலேயே இருக்கிற வளையப் பூட்டு போதும். இப்போ நீங்க தூக்குற கூடுதல் வெயிட் ஒரு சாவி.

முன்கூட்டியே அட்மின்கிட்டயோ வாட்ச்மேன் அண்ணன்கிட்டயோ சொல்லி வெச்சுடுங்க. யாரோட பூட்டுன்னு தெரியாம அறுத்துடுவாங்க. மழையில நனையும், அதனால சாவித் துளை கீழ்ப்பக்கம் பார்க்கிற மாதிரி, தரையில படாம மாட்டுங்க. மாசம் ஒரு தடவை தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு.

தினமும் கொண்டு போய்த்தான் ஆகணும்னா, எங்க வைக்கிறீங்கங்கிறது முக்கியம். ஹேண்டில்பார்ல தொங்க விடாதீங்க. திரும்பும்போது ஆடி முன் சக்கரக் கம்பிக்குள்ள போச்சுன்னா நீங்கதான் முன்னாடி விழுவீங்க, ஆஸ்பத்திரி பில்லுக்கு முன்னாடி சைக்கிள் விலை ஒண்ணுமே இல்ல. முதுகுப் பையிலயும் வேண்டாம். விழுந்தா முதுகெலும்புக்கும் ரோட்டுக்கும் நடுவுல ரெண்டு கிலோ எஃகு, கூடவே லேப்டாப். செயின்னா சீட் கம்பத்துல சுத்திக் கட்டுங்க. யூ பூட்டுன்னா பிரேம்ல மாட்டுற பிடி, இல்ல பின் கேரியர்ல பழைய டியூபை வெட்டின பட்டையால இறுக்கமா ஒரு கட்டு.

பூட்டுற முறையில பாதிப் பாதுகாப்பு இருக்கு. முன் சக்கரத்தை மட்டும் பூட்டினா, சக்கரத்தை மட்டும் விட்டுட்டு மீதியைக் கொண்டு போயிடலாம். பின் சக்கரமும் பிரேமும் சேர்ந்து, அசையாத ஒரு இரும்போட இணையணும். மேலே திறந்திருக்கிற குட்டைக் கம்பம் வேண்டாம், வண்டியைப் பூட்டோட தூக்கி உருவிடலாம்.

பத்துப் பேர் சைக்கிள்ல வர்ற இடமா இருந்தா, நிர்வாகத்துகிட்டச் சேர்ந்து கேளுங்க: சுவர்ல நாலு இரும்பு வளையம் பதிக்கணும். ஒரு வெல்டருக்கு அரை நாள் வேலை. சம்பள உயர்வு கேட்குறதை விட இது சுலபமாக் கிடைக்கும்.

ஸ்டாண்டுல விட்டா பொறுப்பு யாருது?

காசு வாங்கிட்டு டோக்கன் கொடுக்கிற சைக்கிள் ஸ்டாண்ட் இன்னொரு வழி. ஒரு நாளைக்கு 10 ரூபாய்னா மாசம் 240, வருஷம் 2,880. பூட்டை விட செலவு அதிகம், ஆனா ஒரு ஆள் காவல் இருக்கு. மாசப் பாஸ் இருக்கான்னு கேளுங்க.

"பொருள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல"ன்னு போர்டு இருக்கும். அதைப் பார்த்து உரிமையே இல்லைன்னு நினைக்காதீங்க. பொருளை ஒருத்தர் பொறுப்புல ஒப்படைக்கிறதுக்கு 1872-ம் வருஷ இந்திய ஒப்பந்தச் சட்டத்துல தனி விதிகள் இருக்கு. 151-ம் பிரிவுப்படி, சாதாரண விவேகமுள்ள ஒருத்தர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கிற அளவுக்கு அவர் கவனமா இருக்கணும். 2019-ல தாஜ்மஹால் ஹோட்டல் வழக்குல, ஹோட்டல் ஊழியர் கையில சாவி கொடுத்து விட்ட கார் திருடு போன விவகாரத்துல, "உரிமையாளர் பொறுப்பு"ன்னு சீட்டுல அச்சடிச்சதாலயே கவனக்குறைவுக்கான பொறுப்புல இருந்து தப்பிக்க முடியாதுன்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. உங்க டோக்கன் விஷயத்துல வண்டி உண்மையிலேயே அவங்க பொறுப்புல ஒப்படைக்கப்பட்டதா, இல்ல வெறும் நிறுத்த இடம் மட்டும் கொடுத்தாங்களாங்கிறது முக்கியம். அதனால டோக்கனை போட்டோ எடுத்து வைங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்ல.

திருடு போயிடுச்சுன்னா: போலீஸ், இன்சூரன்ஸ், வரி

பைக்குக்கு ஆர்.சி. புக் இருக்கு. சைக்கிளுக்கு இல்ல. உங்க வண்டின்னு நிரூபிக்க பில்லும் பிரேம் நம்பரும்தான் ஆதாரம். பெரும்பாலும் பெடல் அச்சுக்குக் கீழே, வண்டியைக் கவிழ்த்தாத் தெரியிற இடத்துல அந்த நம்பர் அடிச்சிருப்பாங்க. இன்னிக்கே போட்டோ எடுங்க.

அடுத்த விஷயம் ரொம்ப பேருக்குத் தெரியாது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில திருட்டு 303-ம் பிரிவு. பொருளோட மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் தடவை தண்டிக்கப்படுறவர் பொருளையோ மதிப்பையோ திருப்பிக் கொடுத்துட்டா, தண்டனை சமூக சேவைதான். அதோட 5,000-க்குக் கீழான திருட்டு, மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாம போலீஸ் விசாரிக்க முடியாத குற்ற வகையில வருது. நாலு வருஷப் பழைய சைக்கிளோட இன்னிய மதிப்பு 5,000-ஐத் தொடாம இருக்க வாய்ப்பு அதிகம். அதாவது உங்க வண்டி போனா, போலீஸ் தானாவே எஃப்.ஐ.ஆர். போட்டுத் தேடிக் கண்டுபிடிக்கும்னு திட்டம் போட முடியாது. புகார் கொடுங்க, பில்லை இணைங்க, மதிப்பை உள்ளபடி எழுதுங்க, சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்க. ஆனா அதை நம்பி மாச பட்ஜெட் போடாதீங்க.

இன்சூரன்ஸ்? பாரத் கிருஹ ரக்ஷா மாதிரி வீட்டுப் பாலிசியில தீ, வெள்ளம் மாதிரி காப்பீட்டுக்குள்ள வர்ற ஒரு சம்பவம் நடந்து, அதனால 7 நாளுக்குள்ள நடக்கிற திருட்டுக்குத்தான் இடம். ஆபீஸ் வாசல்ல சும்மா நின்ன சைக்கிளுக்கு இல்ல. சைக்கிளைச் சேர்த்துக்கிற தனிப் பாலிசிகள் உண்டு; ஆனா எடுக்குறதுக்கு முன்னாடி பிரீமியம், கழிவுத் தொகை, பூட்டு சம்பந்தப்பட்ட நிபந்தனை மூணையும் படிங்க. விலை உயர்ந்த கியர் சைக்கிளுக்கு யோசிக்கலாம். 9,000 ரூபாய் வண்டிக்குப் பூட்டுதான் பிரீமியம்.

வருமான வரியில கழிக்கலாமான்னு கேட்பீங்க. முடியாது. சொந்த உபயோகத்துக்கு வெச்சிருக்கிற சைக்கிள் மூலதனச் சொத்துக் கணக்குல வராது, அதனால அது திருடு போன நஷ்டத்தை எதுலயும் ஈடு கட்ட முடியாது. வேலைக்குப் போய் வர்ற செலவும் சம்பளக்காரருக்குத் தனியாக் கழிவு இல்ல. 2018 பட்ஜெட்டுல போக்குவரத்துப் படி விலக்கு போய் நிலையான கழிவு வந்துச்சு. இப்போ புதிய முறையில 75,000, பழைய முறையில 50,000. சைக்கிள்ல போனாலும் கார்ல போனாலும் அதே தொகைதான். அப்போ செலவு கம்மியாப் போறவருக்கு அந்த மிச்சம் கையிலயே நிக்குது.

யாருக்கு இந்தப் பூட்டு வேண்டாம்?

தமிழ்நாடு அரசு பள்ளியில கொடுக்கிற விலையில்லா சைக்கிளை இன்னும் ஓட்டுறவங்க இருக்கீங்க. பிளஸ் 1-ல வாங்கினது, இப்போ வேலைக்கும் அதுலதான். வித்தா 1,500, 2,000 ரூபாய் வரலாம். அதுக்கு 1,500 ரூபாய் பூட்டு கணக்குக்கு ஒத்து வராது. 400, 500 ரூபாய் செலவுல செயினும் தொங்கு பூட்டும் போதும். பொதுவா வண்டியோட இன்னிய விலையில 10 முதல் 20 சதவீதம் பூட்டுக்கு ஒதுக்கலாம். நீண்ட நேரம் ஆள் இல்லாத இடத்துல விட்டா 20-க்குப் பக்கம், கேட்டுக்குள்ள விட்டா 10-க்குப் பக்கம்.

பெண்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. 2021 முதல் சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ல கட்டணம் இல்லாததால, சைக்கிள் போனாலும் இடைக்காலச் செலவு உங்களுக்குக் குறைவு. உங்க வழித்தடத்துல வேலை நேரத்துக்கு அந்த பஸ் இருக்கணும், அவ்வளவுதான்.

வண்டியை மாத்தணும்னு யோசிக்கிறவங்களுக்கு ஒரு தகவல்: 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12-ல இருந்து 5 சதவீதமாக் குறைஞ்சிருக்கு. பில் போட்டு வாங்குங்க. பிரேம் நம்பரைப் பில்லுல எழுதச் சொல்லுங்க.

இந்த வாரம் செய்ய வேண்டியது

1. சைக்கிளைக் கவிழ்த்து பிரேம் நம்பரை போட்டோ எடுங்க. பில், முழு வண்டி படம், சாவி நம்பர் எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போட்டு உங்களுக்கே மெயில் பண்ணிடுங்க.

2. உங்க வண்டி நீண்ட நேரம் நிக்கிற இடத்தைப் போய்ப் பாருங்க. அசையாத இரும்பு எது, எவ்வளவு தடிமன், உங்க பூட்டு அதைச் சுத்தி வருமான்னு அளந்துட்டு அப்புறம் கடைக்குப் போங்க.

3. ரெண்டாவது சாவியை வீட்டுல தனியா வைங்க. ரெண்டும் ஒரே கொத்துல தொங்குனா ரெண்டாவது சாவியே இல்லைன்னு அர்த்தம்.

4. போஸ்ட் ஆபீஸ்ல மாசம் 200 ரூபாய்க்கு ஒரு ஆர்.டி. போடுங்க. குறைஞ்சபட்சம் 100 ரூபாய்லயே தொடங்கலாம், காலம் 5 வருஷம். அசல் மட்டுமே 12,000 சேரும். சைக்கிள் பத்திரமா இருந்தா அது அடுத்த வண்டிக்கு. வண்டி போயிட்டாலும், ஷோரூம்ல "வெறும் 10 பர்சென்ட்தான் சார்"னு சொல்றவர் முன்னாடி நீங்க அவசரத்துல உட்கார வேண்டியிருக்காது.

உங்க ஊர் ஸ்டாண்டுல என்ன கட்டணம், ஆபீஸ்ல வண்டி நிறுத்த என்ன வசதின்னு வீடியோவுக்குக் கீழே எழுதுங்க. அந்த நிஜ எண்களை வெச்சு இதே கணக்கை அடுத்த வீடியோவுல போட்டுப் பார்ப்போம்.